கரிசலைச் சுற்றி ஒரு சைக்கிள் வட்டம்

புறப்பட்ட ஊருக்கே வேறு வழியில் திரும்பி வந்து சேர்வது வட்டப் பயணம். பார்த்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை, திரும்பி வர வண்டி பிடிக்க வேண்டியதில்லை என்பதால் சாலை சைக்கிளோட்டிகளுக்கு இதன்மேல் தனி விருப்பம் உண்டு. உலகில் இத்தகைய பயணங்களுக்குப் பேர்போனவை வறண்ட நிலத்துப் பூங்காக்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சகுவாரோ தேசியப் பூங்காவில், ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் கள்ளிகளுக்கு நடுவே சுமார் 13 கி.மீ. தார்ச்சாலை வளைந்து சென்று தொடங்கிய இடத்துக்கே வருகிறது. பார்வையை மறைக்காத நிலம், தொலைவில் ஒரு மலை, கூட்டமில்லாத சாலை, தலைக்கு மேல் பெரிய வானம் ஆகியவற்றைத் தேடித்தான் ஆட்கள் அங்கே சைக்கிளோடு போகிறார்கள்.

இவை எல்லாமே தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியைச் சுற்றியும் உண்டு. ஆனால் கரிசல் பூமி பாலைவனம் இல்லை. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் சுமார் 700 மி.மீ. பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான். ஆறு பாயாத இந்த மண்ணில் மானாவாரியாகக் கம்பு, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி விளைகின்றன. மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்கென்றே 1901இல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில்தான் இருக்கிறது. இந்த நிலத்தில் சைக்கிள் வட்டம் போடுகிறவர் முதலில் எடுக்க வேண்டியது நாட்காட்டி. வரைபடம் அதற்குப் பிறகு.

சித்திரையும் வைகாசியும் பயணத்துக்கு ஏற்ற மாதங்களே அல்ல. வெப்பம் 37, 38 டிகிரியைத் தாண்டும். சாலையோரம் நிழலும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் நிலம் பச்சை கட்டத் தொடங்கினாலும் ஓடைகளின் குறுக்கே உள்ள தரைப்பாலங்களில் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாவட்டமெங்கும் சாலைகள் அறுந்தன. மார்கழி பின்பாதியிலிருந்து மாசி முடிய உள்ள காலம்தான் முதல் தரம். காடெல்லாம் பயிர் நிற்கும், கண்மாயில் தண்ணீர் கிடக்கும், காலை பத்து மணி வரை வெயில் உறைக்காது. அடுத்த வாய்ப்பு ஆனி முதல் ஆவணி வரை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பெய்யும் மழையின் மேகங்கள் இங்கே வானத்தை மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் விழாமல் கிழக்கே போகும் காலம் அது. நிலம் வெறுமையாகக் கிடக்கும். காற்று மட்டும் நிற்காது.

அந்தக் காற்றுதான் இங்கே பாதையைத் தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து இந்தச் சமவெளியில் தடையில்லாமல் வீசுகிறது. கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் காடாக நிற்பதும், மத்திய அரசின் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைச் சோதனை நிலையத்தை அங்கே அமைத்திருப்பதும் அதனால்தான். சைக்கிளோட்டிக்கு இது சாதாரண விஷயமில்லை. காற்றே இல்லாதபோது மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவர், அதே 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வந்தால் 40 கி.மீ. காற்றை முகத்தில் வாங்குகிறார். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், அது இரண்டு மடங்காக அல்ல, நான்கு மடங்காகிறது. காலை எட்டு மணிக்கு முன் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வலுக்கும். எனவே காற்றை எதிர்த்துப் போக வேண்டிய பகுதியை அதிகாலையில் முடித்துவிட்டு, காற்று முதுகில் தள்ளும் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் கோவில்பட்டியிலிருந்து இரண்டு வட்டங்கள் அமைகின்றன. வாடைக்காலத்துக்குக் கிழக்கு வட்டம், மேல்காற்றுக் காலத்துக்கு மேற்கு வட்டம். கோயிலைச் சுற்றுவதுபோல இரண்டையும் வலமாகவே வர வேண்டும்.

கிழக்கு வட்டம் 90 முதல் 100 கி.மீ. வரும். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம் சுமார் 15 கி.மீ. விடியும்போது புறப்பட்டால் வாடைக்காற்று வலுக்கும் முன் அங்கே போய்விடலாம். 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கல்கி முன்நின்று திரட்டிய நிதியில் எழுந்து 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் ஊரிலேயே உள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இதே எட்டயபுரத்தில்தான். ஒரு சிறிய ஜமீன் ஊரில் இத்தனை பேரின் நினைவிடங்கள் நடந்து போகும் தொலைவில் இருப்பது தமிழ்நாட்டில் அபூர்வம். ஒரு மணி நேரமாவது இங்கே ஒதுக்க வேண்டும்.

எட்டயபுரத்திலிருந்து குறுக்குச்சாலை வரை மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை. கீழஈரால், எப்போதும்வென்றான் ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 25 கி.மீ. வட்டத்திலேயே சுவை குறைந்த பகுதி இதுதான். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் இடைவிடாமல் வரும். சில நாள் காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீண்ட டிரெய்லர்களும் வரும். ஓரக் கோட்டுக்கு வெளியே உள்ள தார்ப்பகுதியை விட்டு உள்ளே வராமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கடந்துவிடுவது நல்லது. நிலம் கடலை நோக்கி மெல்லத் தாழ்வதால் மிதிக்கச் சிரமமிருக்காது. வலமாகச் சுற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு: திருப்பங்களெல்லாம் வலப்பக்கம் விழும். நான்குவழிச் சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, இரு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும்.

குறுக்குச்சாலையில் பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஒட்டப்பிடாரம். 1872 செப்டம்பர் 5 அன்று வ.உ.சி. பிறந்த ஊர், அவர் வீடும் நினைவில்லமாக உள்ளது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனின் பழைய கோட்டையை ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது நிற்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

ஒட்டப்பிடாரத்திலிருந்து பசுவந்தனை வழியாகக் கோவில்பட்டிக்குத் திரும்பும் நாற்பது கி.மீ. சொச்சம்தான் இந்த வட்டத்தின் உயிர். முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கேயிருந்து எழுந்து முதுகைத் தொடும். சாலை குறுகலானது, போக்குவரத்து கொஞ்சம். இரு பக்கமும் கண்ணுக்கெட்டும் வரை கறுத்த மண்ணில் பயிர், நடுநடுவே பனை, வேலியாக உடைமரம், ஊருக்கு ஊர் ஓர் ஊருணி. பசுவந்தனையில் கைலாசநாதர் கோயில் நிழலில் இளைப்பாறலாம். கோவில்பட்டியை நெருங்கும்போது குருமலை தெரியத் தொடங்கும். அது புள்ளிமான்கள் வாழும் காப்புக்காடு. காலையிலும் மாலையிலும் மான்கள் தண்ணீர் தேடிச் சாலைக்கு வருவதுண்டு என்பதால் அந்நேரங்களில் வேகம் குறைய வேண்டும்.

இப்படிப்பட்ட உள்சாலைகளில் கவனிக்க வேண்டியது மண்ணை. கரிசல் மண்ணில் உள்ள களி, ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குக் காட்டில் வெடிப்பு விடும். தார் போட்டுவிட்டதால் மண் சும்மா இருந்துவிடாது. சாலையின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஓரளவு நிலையாக இருக்க, ஓரப்பகுதி மட்டும் ஆண்டுதோறும் நனைந்து உப்பி, காய்ந்து இறங்குகிறது. விளைவாகச் சாலையின் ஓரத்தை ஒட்டி, போகும் திசையிலேயே நீளவாக்கில் வெடிப்புகள் ஓடும். குறுக்கே கிடக்கும் வெடிப்பு சைக்கிளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு விடும். நீளவாக்கில் ஓடும் வெடிப்பில் 25 மி.மீ. அகலமுள்ள டயர் இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது; ஆள் விழுவது நிச்சயம். ஆகவே பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயரைவிட 32 மி.மீ.க்குக் குறையாத டயர் இந்த மண்ணுக்கு ஏற்றது. ஊரில் எல்லோரும் ஓட்டும் சாதாரண கேரியர் சைக்கிள் இந்த விஷயத்தில் விலை கூடிய சைக்கிளைவிடப் பாதுகாப்பானது.

மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையை விட்டு இறங்கவே கூடாது. நனைந்த கரிசல் டயரில் ஒட்டும். அடுத்த சுற்றில் ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டும். பத்தடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் மண் அடைத்துச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். தள்ளவும் முடியாது, தூக்கினால் கனக்கும். குச்சியை வைத்து நோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும் வண்டிப்பாதைகளை நம்பிப் பயணத்திட்டம் போடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் வேறுபாடு தெரியும். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே ஒரு நாள் இருசக்கர வண்டியில் போய்ப் பார்த்துவிடலாம்.

மேற்கு வட்டம் 70 முதல் 75 கி.மீ. ஆனி, ஆடியில் இதைத் தெற்கிலிருந்து தொடங்க வேண்டும். கோவில்பட்டியிலிருந்து நல்லாட்டின்புதூர், இடைசெவல் வழியாகக் கயத்தாறு வரை கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை. விடிகாலையில் அதில் கூட்டமும் குறைவு, காற்றும் குறைவு. இதையே பிற்பகலில் வடக்கு நோக்கி ஓட்டினால், இடப்பக்கமிருந்து வீசும் மேல்காற்று சைக்கிளை லாரிகள் வரும் பக்கமாகத் தள்ளும். லாரி ஒன்று காற்றை மறைத்துவிட்டு விலகும்போது ஆள் நிலைதடுமாறுவார். திசையை மாற்றிப் போடாமல் இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

இடைசெவல், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். அழகிரிசாமிக்கு 1970இலும் கி.ரா.வுக்கு 1991இலும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கரிசல் எழுத்தைப் படித்தவர்கள் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஊருக்குள் ஒரு முறை போய்வரலாம். அழகிரிசாமியின் கதையில் வரும் குமாரபுரம் ரயில் நிலையமும் இந்தப் பக்கம்தான். கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அந்த இடத்தில் நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி 1970இல் சிலை வைத்தார்.

கயத்தாறிலிருந்து கழுகுமலைக்குப் போகும் சாலையில் காற்றாலைகள் துணைக்கு வரும். அவற்றின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே காற்றின் திசை தெரிந்துவிடும். இங்கும் காற்று இடப்பக்கத்திலிருந்துதான் அடிக்கும். போக்குவரத்து கொஞ்சம் என்பதால் சமாளிக்கலாம். கயத்தாறை விட்டதும் மேற்கே தென்படும் நீல மலைத்தொடரும், முன்னால் வளர்ந்துகொண்டே வரும் கழுகுமலைப் பாறையும் இந்த வட்டாரத்தின் மிக அழகான காட்சிகள்.

கழுகுமலையில் அவசரம் கூடாது. மலையின் மேல் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டதுதான். விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியாமல் நின்றுவிட்டது. முடியாததனாலேயே சிற்பிகள் எந்த வரிசையில் வேலை செய்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அருகிலேயே பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான். சைக்கிளோட்டிகள் அணியும் அடியில் ஆணி வைத்த காலணி பாறையில் வழுக்கும். படி ஏற ஒரு சாதாரணச் செருப்பைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி நேர் கிழக்கே சுமார் 22 கி.மீ. மேல்காற்று முழுவதும் முதுகில் விழும். காலையிலிருந்து காற்றோடு மல்லுக்கட்டியவருக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல்.

பூங்கா என்ற சொல்லுக்கு ஏற்ற இடமே வேண்டும் என்பவர்கள் இரண்டு நாள் ஒதுக்கி வல்லநாடு போகலாம். 1987இல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம் அது, பரப்பு 16.41 சதுர கி.மீ. இந்தியாவில் வெளிமான் இயல்பாக வாழும் தென்கோடி இடம் இதுவே. முதல் நாள் கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போய்த் தங்கிவிட்டு, மறுநாள் காலை தூத்துக்குடிச் சாலையில் வல்லநாடு போய்வரலாம். சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி கட்டாயம். அனுமதி கிடைத்தாலும் அங்கே சைக்கிளை உள்ளே கொண்டுபோக வேண்டியதில்லை. முள்ளும் கல்லும் நிறைந்த குன்று அது.

குடிதண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கோவில்பட்டி நகரமே தாமிரபரணித் தண்ணீரைச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் கொண்டுவந்து குடிக்கிறது. கிழக்கே போகப் போகப் பல ஊர்க் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பு. வழியில் கண்ட அடிகுழாயை நம்பாமல் இரண்டு பாட்டில் நிறைத்துக்கொண்டு கிளம்பி, ஒன்று தீர்ந்ததும் அடுத்த பெரிய ஊரில் நிரப்பிக்கொள்ள வேண்டும். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து தண்ணீர் போவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தலைவலியில் முடியும். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்தது. பையில் நசுங்காது, வெயிலில் கெடாது, மிதிக்கிறவருக்கு வேண்டிய சர்க்கரையும் கொழுப்பும் ஒரே துண்டில் கிடைக்கும். இதற்காகவே விற்கப்படும் வெளிநாட்டுத் தின்பண்டங்களைவிட இது எவ்வளவோ மேல். கம்பங்கூழும் மோரும் சாலையோரம் கிடைத்தால் விடக்கூடாது.

பஞ்சர் ஆகாமல் இந்தப் பக்கம் ஓட்டுவது அதிர்ஷ்டம். தரையில் படரும் நெருஞ்சி முள்தான் அமெரிக்கப் பாலைநிலங்களிலும் சைக்கிளோட்டிகளின் முதல் எதிரி. அதே செடிதான் அங்கும். இங்கே கூடுதலாகச் சீமைக்கருவேல முள்ளும் உண்டு. விறகு ஏற்றிய டிராக்டர் போன சாலையில் அது சிதறிக் கிடக்கும். டயரில் ஏறிய கருவேல முள் பெரும்பாலும் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, முள்முனையைக் கண்டுபிடித்துப் பிடுங்கிய பிறகே டியூபை மாட்ட வேண்டும். இரண்டு மாற்று டியூப், ஒட்டுச்சாமான், கைப்பம்பு இல்லாமல் புறப்படக் கூடாது. எது கைவிட்டாலும் மேற்கு வட்டத்தின் தென்பாதிக்கு அருகில் கடம்பூர், குமாரபுரம் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. எந்த ரயில் எங்கே நிற்கும், சைக்கிளை ஏற்ற முடியுமா என்று முன்பே விசாரித்து வைப்பது நல்லது. கடம்பூர் வரை போனவர்கள் அந்த ஊர்ப் போளியைச் சாப்பிடாமல் வருவதில்லை.

தை, மாசியில் உள்சாலைகளில் இன்னொன்றும் எதிர்ப்படும். களம் இல்லாத ஊர்களில் அறுவடையான உளுந்துச் செடியையும் கம்பங்கதிரையும் தார்ச்சாலையிலேயே பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தில் அடிபட விடுவார்கள். காய்ந்த தட்டையின்மேல் சைக்கிள் டயர் எண்ணெய்மேல் போனதைப்போல் வழுக்கும். தட்டையில் செயினும் சிக்கும். தூற்றிக் குவித்த மணியைச் சுற்றி வைத்திருக்கும் கற்கள் அந்திநேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அது அந்த வீட்டின் ஓராண்டு உழைப்பு. சாலையில் தானியம் கிடப்பதைக் கண்டால் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு கடந்து, அதற்கப்பால் ஏறிக்கொள்ளுங்கள்.